கட்டளைவரி நிர்வாகக் கருவிக்குப் புதுப்பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் திறமூலக் கருவி எழுதுபவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தத் தேவைக்காகத்தான் தொடங்குகிறார்கள். பாடசாலைக் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியராக இருக்கலாம், திருநெல்வேலியில் கணினி விஞ்ஞானம் படிக்கும் மாணவியாக இருக்கலாம், வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனமொன்றின் சேர்வர்களைக் கவனிப்பவராக இருக்கலாம். சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றுக்குக் கைக்கு வந்த பெயரை வைத்துவிடுவார்கள். அது வளர்ந்து வேறு ஊர்களிலும் ஓடத் தொடங்கும்போதுதான் பெயர் இடிக்கும். அப்படி என்னிடம் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

விளக்குவதற்கு ஒரு கற்பனைக் கருவியை வைத்துக்கொள்வோம். கணினிக் கூடத்தில் மாணவர் கணக்குகளை உருவாக்கும், காப்புநகல் எடுக்கும், எல்லாக் கணினிகளையும் ஒரே தடவையில் புதுப்பிக்கும். கட்டளையின் பெயர் ‘லாப்’, ஆங்கிலத்தில் மூன்றெழுத்து. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லாப்புக்கான கட்டளைவரிக் கருவி ஒன்று ஏற்கெனவே அதே பெயரில் இருப்பதால் மாற்றவேண்டியிருக்கிறது.

கருவி நன்றாகத்தானே ஓடுகிறது. பெயரை மாற்றத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பெயர் பழசாகிவிட்டது, கேட்க வடிவாக இல்லை என்பதெல்லாம் காரணமே அல்ல. கட்டளையின் பெயர் நம்முடைய களஞ்சியத்தில் மட்டும் இருப்பதில்லை. முன்பின் தெரியாதவர்களின் ஸ்கிரிப்ட்டிலும், விரல் பழக்கத்திலும், சுவரில் ஒட்டிய குறிப்பிலும் இருக்கிறது. அங்கேயெல்லாம் நாம் போய் மாற்றமுடியாது.

மாற்றியே ஆகவேண்டிய காரணங்கள் சில உண்டு. பெயர் இன்னொருவரின் உரிமையாக இருப்பது முதலாவது. வலையமைப்புப் பொதிகளை ஆராயும் எதீரியல் 2006இல் வயர்ஷார்க் ஆனது இதனால்தான்: அதை எழுதிய ஜெரால்ட் கோம்ப்ஸ் வேலை மாறினார், எதீரியல் என்ற வர்த்தகக் குறி பழைய நிறுவனத்திடமே இருந்தது. நிரலைக் கொண்டுபோகலாம், பெயரைக் கொண்டுபோக முடியாது. நிரல்களைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஹட்சன் 2011இல் ஜென்கின்ஸ் ஆனதும் இதே வகை. அது உருவான சன் நிறுவனத்தை ஒராக்கிள் வாங்கிய பிறகு பெயர் யாருக்கு என்ற இழுபறி வந்தது. பங்களிப்பாளர்கள் வாக்கெடுத்துப் புதுப்பெயருக்குப் போனார்கள்.

மற்றது, கருவி பெயரை மீறி வளர்ந்துவிடுவது. ஜாவாஸ்கிரிப்ட்டின் ஆறாம் பதிப்பை ஐந்தாம் பதிப்புக்கு மாற்றுவதற்காக வந்த ‘சிக்ஸ் டு ஃபைவ்’, அந்த எண்களைத் தாண்டிப் போனதும் 2015இல் பேபல் ஆனது. அப்புறம் நமது ‘லாப்’ மாதிரி, ஒரே கணினியில் இரண்டு கருவிகள் ஒரே பெயருக்கு அடிபடுவது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் பழைய பெயரோடே இருங்கள்.

ஒரே எழுத்தில் பெயர் வைத்தால் தட்டுவது சுலபம்தானே?

உங்களுக்குச் சுலபம். ஆனால் ஒற்றை எழுத்துகளைப் பயனர்கள் தங்கள் சொந்தச் சுருக்கங்களுக்கு வைத்திருப்பார்கள். அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமானது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொசிக்ஸ் தரநிலையின் வழிகாட்டல், கட்டளைப் பெயர் இரண்டிலிருந்து ஒன்பது எழுத்துகள் வரை இருக்கவேண்டும், சிறிய எழுத்துகளும் இலக்கங்களும் மட்டும் போதும் என்கிறது. பழைய விதிதான், இன்றைக்கும் சரியான விதி.

இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்களிலும் சிக்கல் உண்டு. கோப்புத் தேடும் ‘எஃப்டி’ என்ற கருவியை டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் நிறுவினால் கட்டளை ‘எஃப்டிஃபைண்ட்’ என்று வரும். ‘பாட்’ என்பது ‘பாட்கேட்’ என்று வரும். ‘ஆக்’ நீண்டகாலம் ‘ஆக்-கிரெப்’ என்று இருந்தது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: அந்தக் குட்டிப் பெயர் வேறு ஏதோ ஒரு பழைய பொதியிடம் (நிறுவுவதற்காகக் கட்டிவைத்த மென்பொருளிடம்) ஏற்கெனவே இருந்தது. விளைவு, கருவியின் கையேடு ஒன்றைச் சொல்லும், டெபியனிலிருந்து வந்த உபுண்டுவில் வேறொன்றைத் தட்டவேண்டும். புதிதாகப் படிக்க வருகிற பிள்ளை முதல் வரியிலேயே ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்ற செய்தியைப் பார்த்துவிட்டுத் தன்னில்தான் பிழை என்று நினைக்கும். அந்த நிலைக்கு நாம் யாரையும் தள்ளக்கூடாது. நான்கிலிருந்து ஏழு எழுத்து வரை என்பது என் விருப்பம்.

பெயர் காலியாக இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

உங்கள் கணினியில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பது ஒன்றையும் நிரூபிக்காது. அந்தக் கணினியில் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். டெபியன் பொதிகளின் உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்களைத் தேடலாம். ‘ஆப்ட்-ஃபைல்’ அதைச் செய்யும், டெபியனின் பொதித் தேடல் பக்கமும் செய்யும். பொதியின் பெயரை மட்டும் தேடிவிட்டு நிறுத்தவேண்டாம். பொதிக்கு ஒரு பெயரும் அதற்குள் இருக்கும் கட்டளைக்கு வேறு பெயரும் இருப்பது சாதாரணம், மோதுவது கட்டளைகள்தான். பல லினக்ஸ் வழங்கல்களை ஒரே இடத்தில் பார்க்க ரெப்பாலஜி உதவும். பிறகு மென்பொருள் பகிரும் தளங்கள்: பைபிஐ (பைதன்), என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்), கிரேட்ஸ் (ரஸ்ட்), ஹோம்புரூ (மக்), கிட்ஹப்.

பைபிஐயில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். பெரிய எழுத்து சிறிய எழுத்து, இடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி எல்லாவற்றையும் அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே நடுவில் ஒரு கோடு போட்டுத் தப்பலாம் என்று நினைக்கவேண்டாம்.

நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் உள்ளேயே இருக்கும் சொற்களையும் பாருங்கள். ‘டெஸ்ட்’ என்று தன் முதல் நிரலுக்குப் பெயர் வைத்துவிட்டு, அது ஏன் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுகிறது என்று குழம்பும் மாணவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கிறார்கள். ஓடுவது அவர்களுடைய நிரல் அல்ல, ஷெல்லின் உள்கட்டளை.

நோட்–டெபியன் சிக்கல் என்று சொல்கிறார்களே, அது என்ன?

இந்த விடயத்தில் எல்லோரும் படிக்கவேண்டிய கதை அது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ் வருவதற்கு முன்பே டெபியனில் ‘நோட்’ என்று ஒரு நிரல் இருந்தது. அமெச்சூர் வானொலிக்காரர்கள் தரவைத் துண்டுதுண்டாக அனுப்பும் பொதி வானொலி இணைப்புக்குப் பயன்படுத்தியது. வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்களை ஒரே கோப்புப் பெயரில் இரண்டு பொதிகள் நிறுவக்கூடாது என்பது டெபியனின் கொள்கை. நோட் ஜேஎஸ்ஸைப் பயன்படுத்துவோர் எத்தனையோ மடங்கு அதிகம். ஆனால் வானொலி நிரலோ ஏற்கெனவே பலருடைய அமைப்புகளில் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விடயம் டெபியனின் தொழில்நுட்பக் குழு வரை போய், 2012இல் ‘நோட்ஜேஎஸ்’ என்ற பெயரில் கட்டளையைத் தருவது, ‘நோட்’ வேண்டுமென்றவர்களுக்குத் தனியான ஒரு பொதியைத் தருவது என்று முடிந்தது. டெபியனில் நேரடியாக ‘நோட்’ என்று தட்டும் நிலை சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் எந்த நிரலால் ஓட்டவேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் ‘நோட்’ என்று எழுதிய ஒவ்வொருவரும் டெபியனிலும் உபுண்டுவிலும் இடறினார்கள். பெயர் வைத்த நாளில் ஒரு தேடல் செய்திருந்தால் இத்தனை பேரின் நேரம் மிஞ்சியிருக்கும்.

நமது கருவி திறமூலம்தானே. வர்த்தகக் குறிச் சட்டம் நமக்கு எதற்கு?

உரிமம் வேறு, பெயர் வேறு. அப்பாச்சி 2.0 உரிமத்தின் ஆறாம் பிரிவு, வர்த்தகக் குறிகளைப் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை என்று நேராகவே சொல்கிறது. நிரலை எடுத்து மாற்றி வெளியிட உங்களுக்கு முழு உரிமை இருக்கலாம். அதே பெயரில் வெளியிட இல்லாமல் இருக்கலாம். டெபியன் 2006இலிருந்து 2016 வரை ஃபயர்ஃபொக்ஸை ஐஸ்வீசல் என்ற பெயரில் கொடுத்தது இதனால்தான். அந்த ஃபயர்ஃபொக்ஸே மூன்றாவது பெயர். 2002இல் ஃபீனிக்ஸ் என்று வந்தது, வர்த்தகக் குறிச் சிக்கலில் 2003இல் ஃபயர்பேர்ட் ஆனது, அந்தப் பெயரில் ஒரு திறமூலத் தரவுத்தளம் ஏற்கெனவே இருந்ததால் 2004இல் மறுபடி மாறியது. அவசரமாக மாற்றுபவர் இரண்டு தடவை மாற்றவேண்டிவரும்.

இலங்கையில் இதற்குரிய சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிவைப் பார்ப்பது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். ஒரு பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சின்னக் கருவிக்குப் பதிவு செய்யச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் பெயரை மென்பொருள் வகையில் யாராவது பதிந்திருக்கிறார்களா என்று பார்ப்பது பயனுள்ளது. பயனர்கள் எந்த நாடுகளில் இருக்கிறார்களோ அந்த நாடுகளின் பதிவேட்டையும் இணையத்திலேயே தேடலாம்.

இன்னொருவரின் தளத்துக்கான கருவி எழுதுகிறீர்கள் என்றால், அந்தத் தளத்தின் பெயரை உங்கள் கருவியின் பெயருக்குள் ஒட்டவைக்காதீர்கள். ‘இன்ன தளத்துக்கான முனை’ என்று விவரிப்பது பொதுவாகப் பரவாயில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக்குவதுதான் வம்பு.

தமிழ்ப் பெயர் வைக்கலாமா?

வையுங்கள். எனக்கு இதில் தயக்கமே இல்லை. உபுண்டு ஆபிரிக்க மொழியிலிருந்து வந்தது, குபெர்நெட்டீஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது, உலகம் முழுக்க அவற்றைத் தட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை எழுதிய கருவி தமிழ்ப் பெயரோடு போவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் ஆங்கில எழுத்தில் ஒரே விதமாக எழுதக்கூடிய சொல்லைத் தேடுங்கள். ழகரம் இருந்தால் சிக்கல் நிச்சயம். ‘யாழ்’ என்பதையே நாம் ‘ஆர் எல்’ போட்டு முடிக்கிறோம், சென்னையில் ‘இசட் எச்’ போடுகிறார்கள், சிலர் இரண்டு ‘ஏ’யும் ஒரு ‘எல்’லும் போடுகிறார்கள். தேடும்போது ஒருவருடையது மற்றவருக்குக் கிடைக்காது. தகரம் வந்தால் ‘எச்’ உண்டா இல்லையா, நடுவில் ககரம் வந்தால் ‘கே’யா ‘ஜி’யா என்ற கேள்வி வரும். நெடில் வந்தால் எழுத்தை இரட்டிப்பதா என்று கேட்பார்கள். ‘மதகு’ நல்ல சொல், ஆனால் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். ‘முனை’, ‘நிரை’, ‘அலை’ மாதிரிச் சொற்களை எல்லோரும் அநேகமாக ஒரே விதமாகத்தான் எழுதுவார்கள். நமது கற்பனைக் கருவிக்கு ‘முனை’ என்று வைத்துக்கொள்வோம். இதுவும் உதாரணம் மட்டும். மேலே சொன்ன தேடல்களைச் செய்யாமல் யாரும் அப்படியே எடுத்துவிடவேண்டாம்.

கோயில், ஊர்ப் பெயர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்லூர் என்று வைத்தால் பாசம் விளங்குகிறது. ஆனால் நிர்வாகக் கருவியின் பெயர் ‘தோல்வி’, ‘அழி’, ‘நிறுத்து’ என்ற சொற்களுக்குப் பக்கத்திலேயே வாழ்நாள் முழுக்க நிற்கும். மனிதர் மதிக்கும் பெயர்களை அந்த இடத்தில் நிறுத்தாமல் இருப்பது நல்லது.

கட்டளையையே தமிழ் எழுத்தில் வைக்கமுடியாதா?

முடியும். லினக்ஸில் கோப்புப் பெயர் யூனிகோடில் இருக்கலாம், ஷெல்லும் ஓட்டும். ஆனாலும் முதன்மைப் பெயராக வைக்கவேண்டாம் என்றுதான் சொல்வேன். வரைகலை எழும்பாத சேர்வரின் வெற்றுத் திரையில் தமிழ் எழுத்து தெரியாது. நிர்வாகக் கருவி மிகவும் தேவைப்படும் இடம் அதுதான். பாமினியில் பழகியவரும் தமிழ்99இல் பழகியவரும் ஒரே கணினியில் உட்காருவார்கள், அந்தக் கணினியில் தமிழ் விசைப்பலகை நிறுவியிருக்கவே மாட்டாது. அதோடு ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வெவ்வேறு பெயர்.

தமிழைக் காட்டவேண்டிய இடம் வேறு. உதவிச் செய்திகள், பிழைச் செய்திகள், கையேட்டுப் பக்கம் மூன்றையும் தமிழில் கொடுங்கள். கெட்டெக்ஸ்ட் இதற்காகவே இருக்கிறது. ‘காப்புநகல் எடுக்கமுடியவில்லை, வட்டில் இடமில்லை’ என்று திரையில் தமிழில் வந்தால் ஆங்கிலத்தில் தடுமாறும் ஆசிரியர் ஒருவர் யாரையும் கூப்பிடாமல் தானே சரிசெய்வார். இந்த வேலைக்கு நேரம் செலவழியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பெயரைத் தொலைபேசியில் சொல்லிப் பார்க்கச் சொல்கிறீர்களே, ஏன்?

ஏதோ உடைந்திருக்கும் நேரத்தில்தான் இந்தக் கருவிகளைக் கூப்பிடுகிறோம். நெடுந்தீவுப் பாடசாலையில் கணினிகள் எழும்பவில்லை என்று வையுங்கள். குறிகட்டுவானிலிருந்து படகு பிடித்துப் போய்ப் பார்க்க அன்றைக்கு நேரமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் சொல்லச் சொல்ல, அங்கே ஒருவர் தட்டுகிறார். அப்போது பெயரை எழுத்துக்கூட்டத் தேவையில்லாமல் இருந்தால் பாதிக் கரைச்சல் குறையும்.

தமிழ்க் காதுக்கு இங்கே தனிச் சிக்கல் இருக்கிறது. ‘பி’ என்றால் பந்தைக் குறிக்கும் ‘போல்’ என்ற சொல்லில் வரும் பியா, ‘பேப்பர்’ என்ற சொல்லில் வரும் பியா? கற்பனைக் கருவிக்குப் பெயர் தேடியபோது ‘பனை’யை நான் ஒதுக்கியதற்குக் காரணம் அதுதான். வட்ஸ்அப்பில் தமிழில் எழுதி அனுப்பினாலும் தீராது. நாம் ரொரன்ரோ என்று எழுதும் ஊரைச் சென்னையில் டொரண்டோ என்று எழுதுகிறார்கள். நாம் ‘ரி’ என்று எழுதினால் ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்து, அவர்களுக்கு அது ‘ஆர் ஐ’. பங்களிப்பாளர்கள் யாழ்ப்பாணம், சென்னை, ரொரன்ரோ, லண்டன் என்று பிரிந்திருக்கும் திட்டத்தில் இது தினமும் வரும். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் கணினியோடு அதிகம் புழங்காத ஒருவருக்குத் தொலைபேசியில் ஒரு தடவை சொல்லி, அவர் என்ன தட்டுகிறார் என்று பாருங்கள். சிங்கள நண்பர் ஒருவரிடமும் கேளுங்கள். நமது கருவி மாத்தறையிலும் ஓடலாம். ஒரு மொழியில் சாதாரணமான சொல் இன்னொரு மொழியில் கூச்சம் தரலாம். கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் ‘கொக்’ என்ற புகழ்பெற்ற மென்பொருள் 2025இல் ‘ரொக்’ என்ற பெயரில் வெளியானதற்கு அதுவும் ஒரு காரணம்.

தேடினால் கிடைக்குமா என்பது முக்கியமா?

ஆம். ‘கோ’ நிரல்மொழியைத் தேடுபவர்கள் ‘கோலாங்’ என்று தட்டவேண்டியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யார் முடிவெடுப்பது? வாக்கெடுப்பு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் தேடல்கள் முடிந்த பிறகு. முதலில் எல்லோரிடமும் பெயர் கேளுங்கள். பராமரிப்பவர்கள் ஆறுதலாக இருந்து ஒவ்வொன்றையும் சோதித்து, வைக்கக்கூடிய மூன்று நான்கை மட்டும் வாக்குக்கு விடுங்கள். வென்ற பெயர் பிறகு வேறொருவருடையது என்று தெரியவந்தால் ஆட்கள் மனம் சோர்ந்துபோவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வேலை முடிந்து வந்து பார்க்க ஒரு வார இறுதியாவது உள்ளடங்கட்டும்.

பேர்ல் 6 என்ற மொழி 2019இல் ராக்கு ஆனபோது நடந்தது எனக்குப் பிடிக்கும். பெயர்ப் பிரச்சினை பல ஆண்டுகளாகப் புகைந்தது. கடைசியில் ஒருவர் தெளிவான முன்மொழிவொன்றை எழுதிவைத்தார், எல்லோரும் அதன் கீழேயே வாதாடினார்கள், மொழியைத் தொடங்கிய லாரி வோல் ஒப்புதல் கொடுத்தார், வேலை தொடங்கியது. காரணமும் மாற்றத்தின் விவரமும் ஒரே ஆவணத்தில் இருந்தால் சண்டை குறைகிறது.

கட்டளையின் பெயரைத் தவிர வேறு என்னவெல்லாம் மாறும்?

பெயர் தெரிவது பெரும்பாலும் ஒரு பின்னேரத்து வேலை. அதன் பிறகு வருவதுதான் உண்மையான வேலை, யாரும் திட்டமிடாததும் அதுதான்.

பழைய பெயர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று பாருங்கள். அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவு. சூழல் மாறிகளின் முன்னொட்டு. பின்னணியில் நிரல்களை ஓட்டும் சிஸ்டம்டி சேவையின் பெயர். பதிவுக் கோப்புகளும் அவற்றைச் சுழற்றும் விதிகளும். கையேட்டுப் பக்கம், ஷெல்லில் டாப் தட்டும்போது வரும் நிரப்பல். மற்றவர்களிடம் இருப்பவை இன்னும் அதிகம்: குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரோன் வரிகள், பல கணினிகளை ஒன்றாக அமைக்கும் அன்சிபிள் கோப்புகள், கண்காணிப்பு நிரல்கள். நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்ட இடம்கொடுக்கும் சூடோவை மறந்துவிடாதீர்கள். உதவி ஆசிரியருக்கு ‘லாப்’ கட்டளையை மட்டும் ஓட்ட அனுமதி கொடுத்து அதன் முழுப் பாதையைச் சூடோவின் அனுமதிக் கோப்பான சூடோவர்ஸில் எழுதியிருப்பார்கள். புதிய ‘முனை’க்கு அந்த அனுமதி வராது. திங்கட்கிழமை காலை பிள்ளைகள் கூடத்தில் வந்து இருந்த பிறகுதான் அது தெரியவரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவேண்டியதில்லை. ஜென்கின்ஸின் உள்ளே ஜாவா நிரலில் ‘ஹட்சன்’ என்ற பெயர் இன்றும் இருக்கிறது. சேர்வர் அமைப்புகளைக் கோப்பில் எழுதி உருவாக்க உதவும் டெராஃபோர்மின் உரிமம் 2023இல் மாறியதும் பிரிந்து, ‘ஓப்பன்டிஎஃப்’ என்று தொடங்கி அடுத்த மாதமே ஓப்பன்டோஃபு ஆன திட்டம், கட்டளையை ‘டோஃபு’ ஆக்கியது. ஆனால் கோப்புகளின் ‘டிஎஃப்’ ஒட்டையும் அதே முன்னொட்டுள்ள சூழல் மாறிகளையும் அப்படியே விட்டது. பயனர் கை வைக்கும் இடத்தில் எதை உடைக்கிறோம் என்பதுதான் கணக்கு. உள்ளே பழைய பெயர் கிடந்தால் யாருக்கும் வலிக்காது.

பழைய கட்டளையை எப்படி உயிரோடு வைப்பது?

சிம்லிங்க் ஒன்று, அதாவது பழைய பெயரைப் புதிய கோப்புக்குத் திருப்பும் இணைப்பு, போதும். நிரல் தான் எந்தப் பெயரில் அழைக்கப்பட்டது என்று பார்க்கும். ‘லாப்’ என்று அழைத்தால் வேலையை வழக்கம்போலச் செய்துவிட்டு, இனி ‘முனை’ என்று தட்டுங்கள் என ஒரு வரி சொல்லும். அந்த வரி வழக்கமான வெளியீட்டில் வரவே கூடாது, பிழைக்குரிய வெளியீட்டில் வரவேண்டும். வழக்கமான வெளியீட்டை வேறு ஸ்கிரிப்ட்கள் வாசித்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு தமிழ் வாக்கியம் வந்தால் மாணவர் பட்டியல் குழம்பிவிடும். மறுபக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து, டெர்மினலாக இருந்தால் மட்டும் எச்சரியுங்கள். இல்லாவிட்டால் கிரோன் ஒவ்வொரு இரவும் மின்னஞ்சல் அனுப்பும்.

அமைப்புக் கோப்பைப் புதிய இடத்தில் முதலில் தேடுங்கள், இல்லையென்றால் பழைய இடத்தில் வாசியுங்கள். இரண்டும் இருந்தால் புதியதை எடுத்துக்கொண்டு அதைச் சொல்லுங்கள். கேட்காமல் கோப்புகளை நகர்த்தவேண்டாம். டெபியன் பொதியென்றால் பழைய பெயரில் ஒரு வெற்று இடைக்காலப் பொதியை வைத்து, அது புதியதைச் சார்ந்திருக்கும்படி செய்வது வழக்கம். ஃபெடோரா போன்ற வழங்கல்களின் ஆர்பிஎம் பொதிகளில் ‘ஒப்சொலீட்ஸ்’, ‘புரொவைட்ஸ்’ என்ற இரண்டு வரிகள் அதே வேலையைச் செய்யும்.

படிப்படியாகப் போவதற்கு மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருளைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் இருந்து 2009இல் பிரிந்தது. ஆனால் கட்டளை ‘மைஎஸ்கியூஎல்’ என்றே நீண்டகாலம் இருந்தது. 10.4ஆம் பதிப்பில் ‘மரியாடிபி’ என்ற புதிய பெயர் பழையதற்கு ஒரு இணைப்பாக வந்தது. 10.5இல் திசை மாறியது: புதியது உண்மைக் கோப்பு, பழையது இணைப்பு. 11 வரிசையில்தான் பழைய பெயருக்கு எச்சரிக்கை வரத் தொடங்கியது. பத்து வருடத்துக்கும் மேல். யாருடைய ஸ்கிரிப்ட்டும் ஒரே இரவில் உடையவில்லை.

எவ்வளவு காலம் வைத்திருப்பது?

உங்கள் வசதியைப் பார்க்காமல் பயனர்களின் வசதியைப் பாருங்கள். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட வழமையான ஆதரவு உண்டு. இங்குள்ள பாடசாலைக் கூடங்களில் நிறுவியதை யாரும் இலகுவில் தொடமாட்டார்கள். ஆகவே ஐந்து வருடத்துக்குக் குறைவாக நினைக்கவேண்டாம். ஃபெடோரா 2015இல் பொதிகளை நிறுவும் ‘யம்’ இலிருந்து ‘டிஎன்எஃப்’புக்கு மாறியது, ‘யம்’ என்று தட்டினால் அதற்குப் பிறகும் வேலை நடந்தது.

மோதலாலோ சட்டத்தாலோ மாற்றுகிறீர்கள் என்றால் இந்தச் சலுகை இல்லை. ‘லாப்’ விடயத்தில், பழைய பெயர் இணைப்பைத் தனிப் பொதியாகப் பிரித்து, வேண்டியவர் மட்டும் நிறுவச் செய்வதுதான் நேர்மையான வழி. டெபியன் நோட்டுக்குச் செய்ததும் அதுதான்.

பைபிஐ, என்பிஎம்மில் இருக்கும் பழைய பெயரை அழித்துவிடலாமா?

ஒருபோதும் வேண்டாம். பைபிஐயில் ஒரு திட்டத்தை அழித்தால் அந்தப் பெயரை வேறு யாரும் எடுக்கலாம். பழைய கையேட்டைப் பார்த்து நிறுவுகிற ஒருவரின் கணினியில், நிர்வாகி அதிகாரத்தோடு, முன்பின் தெரியாதவரின் நிரல் ஓடும். நிர்வாகக் கருவிக்கு இதைவிட ஆபத்து இல்லை. பழைய பெயரில் புதியதை இழுத்துவரும் சின்னப் பொதியொன்றை வைத்துவிடுங்கள்.

பெயர்த் தகராறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016 மார்ச் நல்ல சாட்சி. ‘கிக்’ என்ற பெயரை என்பிஎம் ஒரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்ததும், அதை வைத்திருந்த நிரலாளர் தன் பொதிகள் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டார். அவற்றில் ஒன்று 11 வரி கொண்ட ‘லெஃப்ட்-பேட்’. அதை நம்பியிருந்த ஏராளமான திட்டங்களைக் கட்டியெழுப்பமுடியாமல் போனது. அதன் பிறகு என்பிஎம் விலக்கும் விதிகளை இறுக்கியது.

கிட்ஹப்பில் களஞ்சியத்தின் பெயரை மாற்றினால் பழைய முகவரி தானாகவே புதியதற்குத் திருப்பும். அதே பழைய பெயரில் நீங்கள் இன்னொரு களஞ்சியம் தொடங்கினால் அந்தத் திருப்பல் போய்விடும். தொடங்காதீர்கள்.

இணைய முகவரி?

கிடைத்தால் ‘.எல்கே’, முடிந்தால் அதோடு 2010இலிருந்து இருக்கும் ‘.இலங்கை’யும். பழைய முகவரிக்கான ஆண்டுக் கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள்; காரணம் பைபிஐக்குச் சொன்னதேதான்.

பெயர் மாற்றத்தோடு புதிய வசதிகளையும் சேர்த்து வெளியிடலாமா?

வேண்டாம். பெயர் மாற்றம் மட்டும் உள்ள ஒரு வெளியீடு வரட்டும். ஏதாவது உடைந்தால் காரணம் உடனே விளங்கும். பழைய பெயர் தொடர்ந்து வேலை செய்கிறதென்றால் பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை ஏற்றத் தேவையில்லை. பழையதை நீக்கும் வெளியீட்டில் ஏற்றுங்கள்.

மாற்றிய பிறகும் ஆட்கள் பழைய பெயரிலேயே கேள்வி கேட்கிறார்கள். திருத்தவேண்டுமா?

கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், பதிலில் புதிய பெயரைப் பயன்படுத்துங்கள். அது போதும். அறிமுகக் கோப்பின் முதல் பத்தியில் ‘முன்னர் லாப் என்று அழைக்கப்பட்டது’ என்ற வரியைப் பல வருடங்களுக்கு விட்டுவையுங்கள், தேடி வருபவர்கள் அந்த வரியைப் பிடித்துத்தான் வருவார்கள். பிழைச் செய்திகளின் வாசகத்தைத் தேவையில்லாமல் மாற்றவேண்டாம். பழைய பதில்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அந்த வாசகங்களை வைத்துத்தான். வகுப்புக் குறிப்பு எழுதும் ஆசிரியர்களுக்கு மட்டும் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அடுத்த தவணைக்கு அவர்கள் அச்சடிப்பதற்கு முன்னர்.